தென்னாப்பிரிக்காவில் தனியார் ரிசர்வ் சஃபாரி: காசை எதில் போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கணவன், மனைவி, 9 வயது மகள், 68 வயது அம்மா என நான்கு பேர் அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்கா போகிறார்கள். க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய தனியார் கேம் ரிசர்வ் (தனியார் நடத்தும் வனவிலங்குக் காடு) ஒன்றில் தங்க ஆசை. இணையத்தில் தேடினால் ஓர் இரவுக்கு ஆளுக்கு முப்பதாயிரம் ரூபாய் கேட்கும் லாட்ஜும் வருகிறது, இரண்டு லட்சம் கேட்கும் லாட்ஜும் வருகிறது. என்ன வித்தியாசம்? இரண்டு இரவு போதுமா? எந்த மாதம் போகலாம்? சிறுத்தையை (லெப்பர்ட்) கட்டாயம் பார்க்கலாமா? அம்மா சுத்த சைவம், அவரையும் சின்னப் பெண்ணையும் வைத்துக்கொண்டு சமாளிக்க முடியுமா?

அறைக்குக் காசு கொடுக்காதீர்கள், நிலத்துக்கும் இரவுகளுக்கும் கொடுங்கள். இதுதான் என் பதில். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

க்ரூகர் ஏறக்குறைய 19,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அரசுப் பூங்கா. அதன் மேற்கு ஓரத்தில் சாபி சாண்ட், மன்யெலெட்டி, டிம்பாவட்டி, க்ளாசேரி, பலூலே என்று பல ரிசர்வ்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. இவற்றில் பெயர்பெற்றது சாபி சாண்ட். சாபி, சாண்ட் என்ற இரண்டு ஆறுகளின் பெயரைச் சேர்த்து வைத்தது. நில உரிமையாளர்கள் சேர்ந்து 1948-இல் அமைப்பாக்கினார்கள். சுமார் 65,000 ஹெக்டேர். க்ரூகருக்கும் இதற்கும் நடுவே இருந்த வேலியை 1993-இல் எடுத்துவிட்டார்கள். ஆகவே காலையில் சாபி சாண்டில் பார்த்த யானைக் கூட்டம் மாலையில் க்ரூகரில் நிற்கலாம். விலங்குக்கு எல்லை தெரியாது, ஜீப்புக்குத்தான் எல்லை.

விலங்குகள் ஒன்றுதான் என்றால் தனியாரிடம் ஏன் போக வேண்டும்? க்ரூகரில் உங்கள் காரிலேயே சுற்றலாம், செலவு மிகக் குறைவு. ஆனால் சாலையை விட்டு இறங்கக்கூடாது. முகாம்களைத் தவிர, அனுமதித்த சில இடங்களில் மட்டும்தான் வண்டியை விட்டு வெளியே வரலாம். இருட்டும் நேரத்தில் கேட் மூடுவதற்குள் திரும்பியாக வேண்டும். ஐம்பது மீட்டர் தள்ளிப் புல்லுக்குள் சிங்கம் படுத்திருந்தால் காதை மட்டும் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். சாலை ஓரமாகவே படுத்திருந்தால் உங்களுக்கு முன்னால் இருபது கார் நிற்கும். தனியார் ரிசர்வில் கூரையில்லாத ஜீப், ஓட்டுவதற்குப் பயிற்சி பெற்ற கைடு, முன்னால் பானட்டுக்கு மேல் தனி இருக்கையில் தடம் பார்த்து விலங்கைத் தேடும் ஒரு டிராக்கர். சிங்கம், சிறுத்தை போன்றவற்றுக்காகப் புதருக்குள்ளேயே வண்டியை இறக்குவார்கள். ஒரு விலங்கைச் சுற்றி ஒரே நேரத்தில் இரண்டு அல்லது மூன்று வண்டிக்கு மேல் நிற்கவிடமாட்டார்கள். மற்ற வண்டிகள் ரேடியோவில் சொல்லிவிட்டு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். இருட்டிய பிறகும் விளக்கோடு ஒரு மணி நேரம் சுற்றுவார்கள்.

முதுமலையிலும் பந்திப்பூரிலும் வேன் சஃபாரி போய் ஏமாந்து திரும்பியவர்களுக்கு இந்த இடத்தில்தான் பெரிய ஆச்சரியம் காத்திருக்கிறது. அங்கே அதிர்ஷ்டம் இருந்தால் பார்ப்போம். இங்கே தேடிப் போய்ப் பார்ப்போம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். லாட்ஜ் விளம்பரத்தில் 'சாபி சாண்ட், 65,000 ஹெக்டேர்' என்று போட்டிருக்கும். அந்த 65,000 ஹெக்டேரும் அந்த லாட்ஜின் ஜீப்புக்குத் திறந்திருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே நிலம் பல பேருக்குச் சொந்தம். எந்த லாட்ஜ் வண்டி யாருடைய நிலத்தில் ஓடலாம் என்பதற்கு ஒப்பந்தம் இருக்கிறது. இதை டிராவர்சிங் உரிமை என்பார்கள். சில லாட்ஜ்களுக்குப் பத்தாயிரம் ஹெக்டேருக்கு மேல் இருக்கும், சிலவற்றுக்கு அதில் சின்னத் துண்டுதான். சின்னத் துண்டில் என்ன நடக்கும் என்றால், நீங்கள் பின்தொடர்ந்து போகும் சிறுத்தை ஒரு மண்பாதையைக் கடந்து அந்தப் பக்கம் போகும். உங்கள் கைடு வண்டியை நிறுத்திவிட்டு, 'இதற்கு மேல் நமக்கு அனுமதி இல்லை' என்பார். எதிரில் பக்கத்து லாட்ஜின் வண்டி அதே சிறுத்தையோடு ஆற்றை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.

விலை வித்தியாசத்தில் பாதி இதுதான். சாபி சாண்டில் உள்ள மாலாமாலா லாட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். 13,000 ஹெக்டேருக்கு மேல் நிலம், சாண்ட் ஆறு நடுவே நீளமாக ஓடுகிறது, ஒரு பக்கம் முழுக்க க்ரூகர், வேறு லாட்ஜ் வண்டி எதுவும் உள்ளே வராது. லோண்டலோசி, சிங்கிட்டா போன்றவையும் இப்படி நிலபலம் உள்ளவை. மீதிப் பாதி, தனி நீச்சல்குளம், ஒயின் பட்டியல், படுக்கை விரிப்பின் நூல் எண்ணிக்கை. காலை ஐந்தரைக்கு எழுந்து ஜீப்பில் ஏறி, ஒன்பதரைக்குத் திரும்பிச் சாப்பிட்டுத் தூங்கி, மூன்றரைக்கு மறுபடி கிளம்பி, இரவு எட்டு மணிக்கு வருகிறவருக்கு அந்த நூல் எண்ணிக்கை எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தென்னாப்பிரிக்க நாணயமான ரேண்ட் ஒன்று ஏறக்குறைய 5 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உம்கும்பே, எலிஃபண்ட் ப்ளைன்ஸ், ந்கோர்ஹோ போன்ற எளிமையான லாட்ஜ்கள் சாபி சாண்டுக்குள்ளேயே இருக்கின்றன. உங்கள் தேடலில் வந்த முப்பது, நாற்பதாயிரம் ரூபாய் என்ற விலை இந்த வகை. இதில் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, காலையும் மாலையும் ஜீப்பில் விலங்கு பார்க்கப் போகும் இரண்டு டிரைவ் எல்லாம் அடக்கம். ஆளுக்கு 35,000 என்று நான்கு பேருக்கு மூன்று இரவு போட்டால் 4,20,000 ரூபாய். மகளுக்குக் குழந்தைக் கட்டணம் கிடைத்தால் இன்னும் குறையும். இரண்டு லட்சம் கேட்கும் லாட்ஜில் அதே பணத்துக்கு நால்வரும் ஓர் இரவுகூடத் தங்க முடியாது. உச்ச விலைக்கும் அடிமட்டத்துக்கும் நடுவே, இன்யாட்டி, அரதூசா, லெப்பர்ட் ஹில்ஸ், சாபி சாபி என்று பல படிகள் உண்டு. கையில் பணம் கூடுதலாக இருந்தால் நடுப்படிக்கு ஏறுங்கள். அப்போதும் அறையின் படத்தைப் பார்த்து ஏறாதீர்கள். எத்தனை ஹெக்டேர், ஒரு வண்டியில் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். எளிமையான லாட்ஜில் ஒன்பது, பத்துப் பேரை ஏற்றுவார்கள். மூன்றாவது வரிசையின் நடு இருக்கையில் மாட்டினால் படம் எடுப்பது கஷ்டம். ஆறு பேர் மட்டும் ஏறும் வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண் போகாது.

சாபி சாண்டுக்கு வெளியே போனால் விலை இன்னும் இறங்கும். க்ளாசேரி, பலூலே இரண்டிலும் நியாயமான விலையில் நல்ல முகாம்கள் உண்டு. மன்யெலெட்டி எனக்குப் பிடித்த இடம். சுமார் 23,000 ஹெக்டேர், லாட்ஜ்கள் மிகக் குறைவு, காட்டில் வண்டி நெரிசல் கிடையாது. நிறவெறி ஆட்சிக் காலத்தில் கறுப்பின மக்கள் போகக்கூடிய பூங்காவாக ஒதுக்கியிருந்த இடம் இது. நிலம் இப்போது ம்னிசி சமூகத்துடையது. டிம்பாவட்டி 1956-இல் உருவானது, வெள்ளைச் சிங்கங்களால் 1970களில் உலகப் புகழ் பெற்றது. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: டிம்பாவட்டி, க்ளாசேரி, பலூலே ஆகியவை தங்கள் பராமரிப்புச் செலவுக்காக அனுமதி பெற்ற வேட்டையையும் ஓரளவு நடத்துகின்றன. சாபி சாண்ட் சுற்றுலாவை மட்டுமே நம்பியிருக்கிறது. சுற்றுலாப் பயணியின் கண்ணில் வேட்டை படாது, இருந்தாலும் வீட்டில் யாராவது இதைப் பற்றிக் கவலைப்படுகிறவராக இருந்தால் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

நில விஷயம் பேசும்போது இன்னொன்று. இந்தக் காடுகளில் பலவற்றிலிருந்து முன்பு குடும்பங்களை வெளியேற்றியிருக்கிறார்கள். மாலாமாலா நிலத்தைத் தென்னாப்பிரிக்க அரசு 2013-இல் சுமார் 100 கோடி ரேண்டுக்கு வாங்கி, உரிமை கோரிய ந்வாண்ட்லமாரி சமூகத்திடம் கொடுத்தது. லாட்ஜ் தொடர்ந்து நடக்கிறது. உங்கள் கட்டணம் யாருக்குப் போகிறது என்று லாட்ஜைக் கேட்பதில் தப்பே இல்லை. நன்றாக நடத்துகிறவர்கள் பெருமையாகவே பதில் சொல்வார்கள்.

சரி, எத்தனை இரவு? மூன்று. இரண்டு இரவுக்கு நான்கு டிரைவ், மூன்று இரவுக்கு ஆறு. முதல் டிரைவில் எல்லோரும் இம்பாலா மானுக்கே வண்டியை நிறுத்தச் சொல்வார்கள், நீங்களும் சொல்வீர்கள். ஒரு டிரைவ் மழையிலோ காற்றிலோ வீணாகலாம். காற்று பலமாக அடித்தால் விலங்குகள் புதருக்குள் ஒண்டிக்கொள்ளும். மூன்று இரவு இருந்தால்தான், 'பார்த்தாயிற்று, இனி நிதானமாக இருக்கலாம்' என்ற நிலை வரும். கைடிடம், 'இன்று எங்களுக்குப் பெரிய விலங்கு எதுவும் வேண்டாம், பறவை காட்டுங்கள்' என்று சொல்லக்கூடிய நிலை அது. சஃபாரி உண்மையில் அங்கேதான் ஆரம்பிக்கிறது என்பேன். இரண்டு லாட்ஜில் ஒவ்வோர் இரவு என்று பிரித்துக்கொள்ளவே கூடாது. மாறும் நாளில் பொழுது முழுக்க வண்டியிலேயே கழிந்துவிடும். ஒரே கைடு, ஒரே டிராக்கர் மூன்று நாளும் உங்களோடு இருந்தால், நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடர்வார்கள்.

சிறுத்தை கட்டாயமா? 'கட்டாயம்' என்று எந்த லாட்ஜாவது எழுதித் தந்தால் அந்த லாட்ஜை விட்டுவிடுங்கள். ஆனால் உலகத்தில் காட்டுச் சிறுத்தையைப் பார்க்கச் சிறந்த இடங்களில் சாபி சாண்ட் ஒன்று என்பதில் சந்தேகமில்லை. காரணம் இரண்டு. ஆற்றங்கரையில் அடர்ந்த பெரிய மரங்கள், நிறைய இரை, வருடம் முழுக்கத் தண்ணீர் என்று சிறுத்தைக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருக்கிறது. இரண்டாவது, பழக்கம். லோண்டலோசியில் 1970களின் கடைசியில் ஒரு பெண் சிறுத்தை வண்டிகளைக் கண்டு ஓடாமல் இருக்க ஆரம்பித்தது. அதன் குட்டிகள் வண்டியைப் பார்த்தே வளர்ந்தன, பிறகு அவற்றின் குட்டிகள். இன்று அந்தப் பகுதிச் சிறுத்தைகள் பலவற்றுக்கு ஜீப் என்பது நகரும் பாறை, அவ்வளவுதான். அதனால்தான் வண்டிக்குள் எழுந்து நிற்காதீர்கள், கையை வெளியே நீட்டாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். நீங்கள் எழுந்தால் பாறையின் உருவம் கலைந்து, உள்ளே மனிதன் தெரிந்துவிடுவான்.

டிராக்கர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள், ஷங்கான் மக்கள், பேசுவது ட்ஸோங்கா மொழி. மணலில் கிடக்கும் காலடித் தடத்தைப் பார்த்தே ஆணா பெண்ணா, நேற்று இரவு போனதா இன்று விடியலில் போனதா என்று சொல்வார்கள். தடத்தின் மேல் பனித்துளி விழுந்த குறி இருக்கிறதா, அதன்மேல் இன்னொரு பூச்சியோ பறவையோ நடந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இம்பாலா மூக்கால் சீறும் ஒலி, அணில் விடாமல் கத்துவது, கினிக்கோழி கலைவது எல்லாமே அவர்களுக்குச் சேதி. தடம் சூடாக இருந்தால் வண்டியை விட்டு இறங்கி நடந்தே போய்விடுவார்கள். நீங்கள் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதைத் தாமதம் என்று நினைத்துப் போனை எடுக்காதீர்கள். மண்ணில் இருப்பதை மகளுக்குக் காட்டச் சொல்லி டிராக்கரிடம் கேளுங்கள். குழந்தைகள் இதில் பெரியவர்களைவிட வேகமாகத் தேறிவிடுகிறார்கள்.

மாதத்துக்கு வருவோம். அங்கே மழைக்காலம் அக்டோபர், நவம்பரிலிருந்து மார்ச் வரை. மே முதல் செப்டம்பர் வரை வறண்ட குளிர்காலம். குளிர்காலத்தில் புல் காய்ந்து, இலை உதிர்ந்து, விலங்குகள் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு வந்து சேரும், பார்ப்பது எளிது. ஆப்பிரிக்கக் காட்டுநாய்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குட்டிகளோடு வளையை ஒட்டியே இருக்கும், அவற்றைத் தேடுகிறவர்களுக்கு அதுதான் காலம். ஆகஸ்ட், செப்டம்பரில் விலங்கு அதிகம் தெரியும், ஆனால் நிலம் புழுதியும் சாம்பல் நிறமுமாக இருக்கும். நவம்பர் இறுதியிலிருந்து நேர்மாறு: எங்கும் பச்சை, இம்பாலாக் குட்டிகள், வலசை வந்த பறவைகள், மாலையில் இடி மின்னல். பறவை பார்ப்பவர்களுக்கு அதுவே சொர்க்கம். ஜனவரி, பிப்ரவரியில் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். 2000 பிப்ரவரியிலும் 2012 ஜனவரியிலும் வெள்ளம் வந்து முகாம்களையும் பாலங்களையும் அடித்துக்கொண்டு போன ஊர் அது.

உங்களுக்கு நான் சொல்வது மே மாதத்தின் பிற்பாதி. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, அங்கே கூட்டம் குறைவு, சில லாட்ஜ்கள் மே, ஜூனில் சலுகையும் தருகின்றன. ஜூலையில் தென்னாப்பிரிக்கப் பள்ளி விடுமுறையும் ஐரோப்பியர் வருகையும் சேர்ந்துகொள்ளும். குளிரைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து ஒரு காட்டன் சட்டையோடு வந்து நடுங்குகிறவர்களை எப்போதும் பார்க்கலாம். காலையில் ஐந்து, ஆறு டிகிரி, அதில் கண்ணாடியே இல்லாத ஜீப் ஓடும்போது அடிக்கும் காற்று வேறு. போர்வையும் வெந்நீர்ப் பையும் லாட்ஜில் கொடுப்பார்கள். குல்லா, கையுறை, காற்றுப் புகாத ஜாக்கெட் நீங்கள் கொண்டுபோக வேண்டும். பத்து மணிக்கெல்லாம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அரைக்கைச் சட்டையோடு இருப்பீர்கள்.

மகளுக்கு 9 வயது என்பதால் பெரிய தடை இல்லை. பல லாட்ஜ்கள் 6 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை டிரைவில் ஏற்றுவதில்லை, சில லாட்ஜ்கள் 10 அல்லது 12 வயதுக்குக் கீழே தங்கவே விடுவதில்லை. எனவே பணம் கட்டும் முன் வயது விதியைக் கேட்டுவிடுங்கள். நடந்து போகும் சஃபாரிக்குப் பெரும்பாலும் 16 வயது ஆக வேண்டும். லாட்ஜ்கள் பலவற்றுக்கு வேலி கிடையாது. இருட்டிய பிறகு அறையிலிருந்து சாப்பாட்டு இடத்துக்குக்கூட ஆள் வந்து கூட்டிப் போவார். மகள் தனியாக ஓடிவிடக்கூடாது என்பதை முதல் நாளே அழுத்திச் சொல்லுங்கள். அறையின் கண்ணாடிக் கதவைத் திறந்துவைத்தால் குரங்கு வந்து பழக்கூடையைக் காலி செய்துவிட்டுப் போகும். இது மட்டும் நமக்குப் புதிது இல்லை.

அம்மாவுக்கு இரண்டு சிக்கல். ஒன்று, ஜீப்பில் ஏறும் உயரம். கைடுக்குப் பக்கத்து முன் இருக்கைக்கு ஏறுவது எளிது, குலுக்கலும் குறைவு. லாட்ஜுக்கு முன்பே எழுதி அந்த இருக்கையைக் கேளுங்கள். இடுப்பு, கழுத்து வலி இருந்தால் காலை டிரைவுக்கு மட்டும் போகட்டும். லாட்ஜ் மேடையில் உட்கார்ந்திருந்தாலே ஆற்றங்கரைக்கு யானை வரும். இரண்டாவது சாப்பாடு. இரவில் நெருப்பைச் சுற்றிப் போமா என்ற திறந்தவெளி அடைப்பில் நடக்கும் விருந்தில் குடு, இம்பாலா போன்ற மான் இறைச்சிதான் முதன்மை. ஆனால் சமையலறைகள் சைவத்துக்குப் பழகியவை. பிரச்சினை என்னவென்றால், சைவம் என்றால் முட்டையும் மீனும் உண்டா என்று அவர்களுக்குக் குழப்பம் வரும். 'இறைச்சி, மீன், முட்டை எதுவும் கூடாது, அவற்றின் சாறும் கூடாது, பால், தயிர் உண்டு' என்று முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள். சாதமும் காய்கறிக் குழம்பும் செய்து தருவார்கள். கறி என்பது தென்னாப்பிரிக்காவுக்கு அந்நியம் இல்லை, 1860-இலிருந்து டர்பனில் நம் ஆட்கள் இருக்கிறார்கள். ஊறுகாய் பாட்டில் ஒன்றை மூட்டையில் வைத்துக்கொண்டால் அம்மாவுக்கு நிம்மதி.

உடல்நலம். க்ரூகர் பகுதி மலேரியா உள்ள இடம். ஆபத்து செப்டம்பர் முதல் மே வரை, மழை மாதங்களில் அதிகம். மே இறுதியில் குறைந்திருக்கும், இல்லாமல் போகாது. அட்டோவாகோன்-ப்ரோகுவானில் மாத்திரை போகும் முன் ஓரிரு நாளில் தொடங்கி, திரும்பிய பின் ஏழு நாள்வரை சாப்பிட வேண்டும். டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பிய பின் நான்கு வாரம். மகளுக்கு எடைக்கேற்ற அளவு வேண்டும், அம்மாவின் மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். டாக்டரிடம் கேட்காமல் வாங்காதீர்கள். மாலை டிரைவில் முழுக்கைச் சட்டை, கொசு மருந்து. மலேரியாவே வேண்டாம் என்றால் போட்ஸ்வானா எல்லையில் உள்ள மடிக்வே நல்ல மாற்று. மலேரியா இல்லாத இடம், சுமார் 75,000 ஹெக்டேர். 1991-இல் ரிசர்வாக்கி, ஆறேழு ஆண்டுகளில் எட்டாயிரத்துக்கும் அதிகமான விலங்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பழைய பண்ணை நிலம் இன்று யானையும் காட்டுநாயும் சுற்றும் காடு. ஜோகன்னஸ்பர்கிலிருந்து காரில் நாலு, நாலரை மணி நேரம். சிறுத்தையை சாபி சாண்ட் அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி விதியில்தான் நம் ஆட்கள் பலர் சிக்குகிறார்கள். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லாததால் துபாய், தோஹா, அடிஸ் அபாபா, நைரோபி என்று ஏதாவது ஒரு வழியாகப் போக வேண்டும். எத்தியோப்பியா, கென்யாவில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து வந்தால் தென்னாப்பிரிக்கா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். திரும்பி வரும்போது இந்தியாவும் இதில் கண்டிப்பு. அந்த நாடுகளைத் தொட்டு ஆறு நாளுக்குள் சான்றிதழ் இல்லாமல் வந்தால் தனிமைப்படுத்தி வைக்கும் அதிகாரம் உண்டு. ஊசி போட்டு 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். 60 வயதுக்கு மேல் முதன்முறையாக இந்த ஊசி போடுவதில் பக்கவிளைவு ஆபத்து கூடுதல் என்பதால், அம்மாவை வைத்துக்கொண்டு அடிஸ் அபாபா டிக்கெட்டில் மிச்சமாகும் சில ஆயிரத்துக்கு ஆசைப்படாதீர்கள். துபாயோ தோஹாவோ வழியாகப் போய்விட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். மகளின் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் இருவர் பெயரும் இருக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் மட்டும் போவதாக இருந்தால் மற்றவரின் சம்மதக் கடிதம். விசா கைக்கு வர நேரமாகலாம், அதனால் ரத்து செய்தால் பணம் திரும்பாத பதிவை விசாவுக்கு முன் போடாதீர்கள்.

ஜோகன்னஸ்பர்கிலிருந்து க்ரூகருக்குள் இருக்கும் ஸ்குகுசாவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள். அங்கிருந்து லாட்ஜ் வண்டி வந்து கூட்டிப் போகும். டிம்பாவட்டி, க்ளாசேரிக்கு ஹூட்ஸ்ப்ரைட் விமான நிலையம். சிறிய விமானத்தில் லாட்ஜின் ஓடுதளத்துக்கே போவதென்றால் ஆளுக்கு 20 கிலோ, அதுவும் மடங்கும் பை மட்டும். சக்கரம் வைத்த பெட்டி ஏறாது. நான்கு பேர் என்பதால் கார் எடுப்பது மலிவு. ஐந்து, ஆறு மணி நேரம், சாலை நன்றாகத்தான் இருக்கும், நம் ஊர் மாதிரி இடது பக்கம் ஓட்டலாம். ஆனால் கடைசி ஒரு மணி நேரப் பாதையில் மாடு படுத்திருக்கும், குழி இருக்கும். இருட்டுவதற்குள் கேட்டுக்குள் போய்விடும்படி கிளம்புங்கள். மதிய டிரைவ் மூன்றரை, நான்கு மணிக்குப் புறப்பட்டுவிடும் என்பதால் இரண்டு மணிக்குள் சேர்ந்தால்தான் முதல் நாள் காசு வீணாகாது.

காரில் போவதாக இருந்தால், தனியார் ரிசர்வுக்கு முன்னால் இரண்டு இரவு க்ரூகரின் ஸ்குகுசா அல்லது லோயர் சாபி முகாமில் தங்கி நீங்களே ஓட்டிப் பாருங்கள். இரண்டு முகாமையும் இணைக்கும் ஆற்றோரச் சாலை பூங்காவிலேயே விலங்கு அதிகம் தெரியும் சாலைகளில் ஒன்று. வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, நீர்யானை, யானை எல்லாவற்றையும் அங்கேயே ஆசை தீரப் பார்த்துவிடலாம். அப்புறம் தனியார் ரிசர்வின் விலையுயர்ந்த மணி நேரங்களைச் சிறுத்தைக்கும் சிங்கத்துக்கும் இரவு விலங்குகளுக்கும் வைத்துக்கொள்ளலாம். முதலில் தனியார், பிறகு க்ரூகர் என்று மாற்றிப் போட்டால் க்ரூகர் சப்பென்று ஆகிவிடும்.

மூட்டை கட்டுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மண் நிற உடைகள், ஆளுக்கு ஒரு பைனாகுலர் (நால்வருக்கும் ஒன்று என்பது சண்டைக்கு வழி), மின் இணைப்புக்கு நம் வீட்டு ஏசி, கீஸருக்குப் போடும் பெரிய மூன்று முனை பவர் பிளக் அங்கே அப்படியே பொருந்தும், எனவே அதற்கு மாற்றும் ஒரு சின்ன அடாப்டர். டிரோன் கூடாது. காண்டாமிருகப் படத்தை இடக்குறிப்போடு சமூக ஊடகத்தில் போடாதீர்கள், திருட்டு வேட்டைக்காரர்களும் பார்ப்பார்கள். கொம்பில்லாத காண்டாமிருகத்தைப் பார்த்தால் அதிர வேண்டாம். பாதுகாப்புக்காக ரிசர்வ்காரர்களே மயக்க ஊசி போட்டு அறுத்தது. க்ரூகரைச் சுற்றிய ரிசர்வ்களில் 2017 முதல் 2023 வரை நடந்ததை ஆராய்ந்தபோது, கொம்பை அறுத்ததால் திருட்டு வேட்டை 78 சதவீதம் குறைந்ததாகத் தெரியவந்தது.

ஓர் எச்சரிக்கை. 'பிரைவேட் கேம் ரிசர்வ்' என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். ஜோகன்னஸ்பர்கிலிருந்து ஒரு மணி நேரத்தில், சிங்கக்குட்டியைத் தூக்கிப் படம் எடுக்கலாம், சிங்கத்தோடு நடக்கலாம், வெள்ளைச் சிங்கம் உறுதி என்று விளம்பரம் செய்யும் இடங்கள் கூண்டில் வளர்ப்பவை. பெரிதான பிறகு அந்தக் குட்டிகள் பல அடைப்புக்குள் வேட்டைக்கும் எலும்பு வியாபாரத்துக்கும் போயிருக்கின்றன. இந்தத் தொழிலை மூடுவது என்று தென்னாப்பிரிக்க அரசே கொள்கை முடிவு எடுத்திருக்கிறது. மகள் ஆசைப்படுவாள், மறுத்துவிடுங்கள்.

டிப்ஸ் தனி. கைடுக்கு ஒரு நாளைக்குப் பெரியவர் ஒருவருக்கு 150 முதல் 250 ரேண்ட், டிராக்கருக்கு அதைவிடச் சற்றுக் குறைவு, மற்ற ஊழியர்களுக்குப் பொது உண்டியலில் கொஞ்சம். இது என் அளவு. கடைசி நாள் காலையில் கவரில் போட்டு இருவரிடமும் தனித்தனியாகக் கொடுங்கள்.

பதிவு செய்யும் முன் மூன்று, நான்கு லாட்ஜுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள். உங்கள் வண்டி எத்தனை ஹெக்டேரில் ஓடும்? க்ரூகரோடு அல்லது ஆற்றோடு எல்லை உண்டா? ஒரு வண்டியில் அதிகபட்சம் எத்தனை பேர்? டிராக்கர் தனியாக இருப்பாரா, கைடே இரண்டு வேலையும் பார்ப்பாரா? 9 வயதுக் குழந்தை இரண்டு டிரைவிலும் வரலாமா, என்ன கட்டணம்? நுழைவுக் கட்டணம், பாதுகாப்பு நிதி, பானங்கள் விலையில் அடக்கமா? விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்புமா? ஹெக்டேர் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் நீச்சல்குளத்தின் படத்தை அனுப்பும் லாட்ஜைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.